பதில்: பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சிக்கு மறுக்கும் அப்பா

வணக்கம். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துபோன உங்கள் அப்பா, பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று மன்னார்குடியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாற்று பறித்துப் பழகிய கைக்கு, ரப்பர் பந்தைப் பிசைவது சிறுபிள்ளை வேலையாகத்தான் தோன்றும்.

மூளை புதிய பாதை போட்டுக்கொள்ள ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டும். அந்தச் சலிப்பைப் போக்கத்தான் விளையாட்டு. உடலை அசைத்தே ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவிகள் உண்டு. 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்றால், அதன் ரிமோட்டைக் கையில் பிடிக்க வேண்டும். 2010இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்குத் துணையாக வந்த கினெக்ட், உடல் அசைவைக் கேமரா மூலமே அறிந்துகொள்ளும். பிடி தளர்ந்தவருக்கு இதுவே ஏற்றது. இரண்டின் தயாரிப்பும் நின்றுவிட்டதால் பழையதைத்தான் தேட வேண்டும்.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒவ்வொரு காயாக எடுத்து, 14 குழிகளுக்கும் கையை நீட்டிப் போடுவது அருமையான பயிற்சி. முதலில் சோழி, பிடி வந்தபின் புளியங்கொட்டை. எதிரே பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். வேண்டுமென்றே தோற்க வேண்டாம், அவர் கண்டுபிடித்துவிடுவார்! கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தே விளையாடட்டும். தோள் வலித்தால் உடனே நிறுத்திவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.