பக்கத்து நாற்காலி

வாசகர் கேள்விகளுக்கு மரபணு ஆலோசகர் பதில்

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. என்னையும் ஆலோசனைக்கு அழைத்திருக்கிறார்கள். மரபியல் டாக்டர் வெளியூரில் இருப்பதால் வீடியோவில் பேசுவாராம். ஆனால் நான் கிளினிக்குக்கு வந்து, அங்குள்ள ஆலோசகருடன் உட்கார வேண்டுமாம். வீடியோதானே, வீட்டிலிருந்தே பேசக் கூடாதா? பக்கத்தில் ஒருவர் எதற்கு?

பதில்: அந்தப் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். இப்போது திரையில் தோன்றிப் பேசுகிறேன். இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன், பேச்சு திரையில் நடந்தாலும் பாதி வேலை அந்த நாற்காலியில்தான் நடக்கிறது.

திரையில் வரும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்துச் சொல்வார். அக்காவுக்கு இருக்கும் கோளாறு உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு, பரிசோதனை செய்து கொள்ளலாமா, இருந்தால் என்ன கண்காணிப்பு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்தில் இருப்பவர் அதற்கு முன்பே உங்களை உட்கார வைத்து மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடுவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. “பாட்டி வயித்து நோயில போயிட்டாங்க” என்பார்கள். அது குடலா, கருப்பையா, சினைப்பையா என்று தோண்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் இந்த மரபணுக் கோளாறு சினைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவிடும். மார்பகம் என்றதும் அம்மா வழியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அப்பா வழியாகவும் வரும். எத்தனையோ பேர் அத்தையை மறந்துவிடுகிறார்கள்!

இன்னொன்று, கேமரா கழுத்துக்குக் கீழே காட்டாது. ஒரு முறை ஒரு பெண் திரையைப் பார்த்துச் சிரித்தபடி “புரியுது டாக்டர், புரியுது டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மடியில் பார்த்தால் டிஷ்யூ பேப்பர் துண்டு துண்டாகக் கிழிந்து கிடந்தது. டாக்டர் அடுத்த படத்துக்குப் போகப் போனார். “டாக்டர், இங்க கொஞ்சம் நிறுத்திக்கலாமா?” என்றேன். அவர் நிறுத்தினார். அப்புறம்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தார்: “என் பொண்ணுக்கும் நான் குடுத்துட்டேனா?” மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் போனது.

வீட்டிலிருந்தே பேசுவது தப்பில்லை, நிறையப் பேர் பேசுகிறார்கள். ஆனால் முதல் சந்திப்புக்கும் ரிசல்ட் வரும் நாளுக்கும் நீங்கள் கிளினிக்குக்கே போங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். எங்கள் கிளினிக்கில் வாரம் ஒரு நாள் மரபியல் டாக்டர் வீடியோவில் வருகிறார். நோயாளி பக்கத்தில் நான் உட்காருகிறேன், ஆனால் கேமராவைத் திருப்பிவிடும் ஆள் போலத்தான் இருக்கிறது. டாக்டர் பேசும்போது நான் குறுக்கே பேசலாமா?

பதில்: பேசலாம், ஆனால் அதை முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உள்ளே வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு இருவரும் இணைந்துவிடுங்கள். ரிசல்ட்டை யார் வாய்விட்டுச் சொல்வது, சாம்பிளை யார் அனுப்புவது, பிறகு யார் போன் செய்வது, இந்த மூன்றையும் பெயர் போட்டு எழுதி வையுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு குடும்பத்துக்கு நான் போன் செய்வேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார், அவர் செய்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவம், அவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். அன்று எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

குழந்தை வரும் நாளில் உங்கள் வேலை இரட்டிப்பு. டாக்டருக்கு முகம் தெரியும். உடம்பைத் தொட முடியாது. தூக்கினால் குழந்தை துவள்கிறதா, விறைக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தலைச் சுற்றளவை அளக்கும்போது டேப் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னந்தலையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி வர வேண்டும். மூன்று தரம் அளந்து பெரிய அளவை எழுதுங்கள். உள்ளங்கை ரேகையைக் காட்டச் சொன்னால் கையைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோய் அசையாமல் பிடியுங்கள். குழந்தைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். நீங்களும் கேமராவுக்குள் உட்காருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் டாக்டர் உங்களை மறந்தே போவார்.

வீடியோவில் ஒரு நொடி தாமதம் இருக்கும். நோயாளி பதில் சொல்லாமல் இருந்தால் உடனே நீங்கள் நிரப்பாதீர்கள். அழப் போகிறாரா, லைன் போய்விட்டதா என்று திரையில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். “யோசிக்கிறாங்க டாக்டர்” என்று சொன்னால் போதும்.

கேள்வி: மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் எடுக்கும் குழாயை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். சரியாக எடுப்பது எப்படி?

பதில்: 30 நிமிடம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம், சிகரெட் எதுவும் கூடாது. நுரையைக் கணக்கில் சேர்க்காமல், கோடு வரை நிரப்புங்கள். யாருடைய எலும்பு மஜ்ஜையையாவது உங்களுக்கு மாற்றி வைத்திருந்தால், குழாயைத் திறப்பதற்கு முன்பே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். எச்சிலிலும் ரத்தத்திலும் கொடுத்தவரின் மரபணு கலந்திருக்கும் என்பதால், தோலிலிருந்து சாம்பிள் எடுக்க வேண்டி வரலாம்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று இருக்கிறது. வீடியோவில் வந்த டாக்டர் இதை வைத்து எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார். இங்கே நேரில் பார்க்கும் டாக்டரோ சினைப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இந்த விஷயத்தில் திரையில் வந்தவர் சொல்வதுதான் சரி. அந்த மாற்றம் நோயைத் தருமா தராதா என்று இன்னும் தெரியவில்லை என்பதே அந்த வார்த்தைக்கு அர்த்தம். பின்னாளில் தெளிவாகிறபோது பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றுதான் வகை மாற்றப்படுகின்றன. அதை மட்டும் நம்பி உறுப்பை எடுக்கக் கூடாது. அதற்காக உங்கள் டாக்டர் அக்கறையில்லாதவர் என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் வந்திருப்பது தெரிந்து அவர் பயப்படலாம், ஆனால் அந்த ஆபத்தைக் குடும்ப வரலாற்றை வைத்துத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும். நீங்கள் நடுவில் நின்று தூது போகாதீர்கள். அடுத்த வீடியோ சந்திப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். நீங்கள் எதிரிலேயே இருக்க, இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும்.