அம்மாவின் முழங்காலுக்கு ‘அச்சடித்த’ குருத்தெலும்பு: முற்பணம் கட்டலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, படி ஏற முடியவில்லை. பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனால், அம்மாவின் சொந்த உயிரணுக்களைக் கொண்டு 3டி முறையில் குருத்தெலும்பை (மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான படை) அச்சடித்து மூன்றே நாளில் பொருத்திவிடுவார்கள் என்கிறாராம் யாழ்ப்பாணத்து முகவர் ஒருவர். முற்பணம் 12 லட்சம். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயார். நம்பலாமா?

வேண்டாம் சகோதரி, கட்டாதீர்கள். அந்த ‘மூன்று நாள்’ என்ற சொல்லிலேயே பொய் தெரிகிறது.

சொந்த உயிரணு என்றால், முதலில் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை செய்து குருத்தெலும்பில் ஒரு துணுக்கை எடுக்க வேண்டும். அதை ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடற்பாசியிலிருந்தோ விலங்குத் தோலிலிருந்தோ எடுத்த கூழோடு கலந்து இயந்திரத்தில் இடலாம். அந்த இயந்திரம் வேலை செய்வது நம் இடியப்ப உரலைப் போலத்தான்: மெல்லிய நூலாகப் பிழிந்து, ஒரு படைக்கு மேல் இன்னொரு படையாக அடுக்கும். ஆனால் வெளியே வருவது மிக மென்மையான கூழ். சாதாரணமாக நடக்கும்போதே முழங்காலில் விழும் சுமை உடல் நிறையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அதைத் தாங்கும் அளவுக்கு அந்தக் கூழை முதிர வைப்பது எப்படி என்பதோடுதான் இன்றைக்கும் ஆய்வுகூடங்கள் போராடுகின்றன. தேய்ந்த முழங்காலுக்கு இப்படி அச்சடித்து வைப்பது எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சை இல்லை.

2022இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அவருடைய உயிரணுக்களால் அச்சடித்த காது பொருத்தப்பட்டது உண்மை. அது காது, சுமை தாங்க வேண்டியதில்லை. அதுவும் ஆய்வுக் கட்டத்தில்தான். அதே வருடம் ஐதராபாத்தில் கருவிழி அச்சடித்தார்கள். வைத்துப் பார்த்தது முயலின் கண்ணில்.

முகவர்கள் காட்டும் வீடியோக்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றில் பல உண்மையானவைதான், ஆனால் வேறு பொருளைப் பற்றியவை. டைட்டேனியத் தூளை உருக்கி அச்சடித்த மூட்டுப் பாகங்கள் பல வருடமாகப் பாவனையில் உள்ளன, நல்லவை. அவற்றில் உயிரணு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் ‘3டி’ என்ற ஒரே பெயர் இருப்பதுதான் இவர்களின் முதலீடு. ஆகவே முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அச்சடிப்பது உலோகமா, உயிரணுவா? பதிலை அந்த ஆஸ்பத்திரி வைத்தியரின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். ‘இது ஆய்வுச் சிகிச்சை’ என்று பேச்சை மாற்றினால், இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். அப்புறம், முறையான ஆய்வில் பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைத்தான் இவர்கள் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். உதைபந்தாட்டத்தில் விழுந்த ஓர் இளைஞரின் குருத்தெலும்பில், சுற்றிவர எல்லாம் நன்றாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அவருடைய உயிரணுவை வளர்த்து, பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தால் ஆன மெல்லிய சவ்வில் பரப்பி, அந்தக் குழியில் ஒட்டலாம். மேசி என்ற இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி கொடுத்தது. இதில் அச்சு இயந்திரம் இல்லை. துணுக்கு எடுக்க ஒரு முறை, ஒட்ட இன்னொரு முறை என்று இரண்டு தடவை கத்தி வைக்க வேண்டும், இடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடுமையாகத் தேய்ந்த மூட்டுக்கு இதைச் செய்யக் கூடாது என்று அனுமதிப் பத்திரமே சொல்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் பலன் உறுதிசெய்யப்படவும் இல்லை. குழியை அடைக்கலாம், தெரு முழுக்கத் தேய்ந்தால் குழி அடைத்துப் பயன் என்ன? உங்கள் அம்மாவுடையது இரண்டாவது வகை.

இந்தப் பொய் விலைபோவதற்கு எங்கள் கிளினிக்குகளும் காரணம். விடியற்காலையில் துண்டு எடுத்து, மத்தியானம் மட்டும் வாங்கில் இருந்து, உள்ளே போனால் இரண்டு நிமிடம். ‘தேய்மானம், வயசுதானே’ என்று குளிசை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இங்கேதான் தேய்ந்திருக்கிறது என்று விளக்க ஆள் இல்லை. முகவரோ வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பேசுகிறார். முகநூலில் இந்த விளம்பரங்கள் பகிரங்கமாக ஓடுகின்றன, தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அம்மாவுக்கு என்ன செய்யலாம்? நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயுடன் எலும்பியல் நிபுணரிடம் போங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியும் நிறைக் குறைப்பும் வலியை உண்மையாகவே குறைக்கும். அது போதாத கட்டம் வந்தால் செயற்கை மூட்டு. உலோகமும் பிளாஸ்டிக்கும்தான், பெரும்பாலானவை 20 வருடம் தாண்டியும் வேலை செய்கின்றன. சென்னையில் செய்ய விரும்பினாலும் ஆஸ்பத்திரிக்கு நேரடியாக எழுதி விலைப்பட்டியல் வாங்குங்கள்.

ஏற்கனவே ஏதும் கட்டியிருந்தால், பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்றைக்கே பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். தம்பிக்கும் சொல்லிவிடுங்கள், காசை அனுப்ப வேண்டாம் என்று.