பழைய பார்க்கர் 51 பேனா வாங்குறப்போ எதையெல்லாம் செக் பண்ணணும்?

முதல்ல ஒண்ணு, பளபளன்னு இருக்கேன்னு எடுத்துடாதீங்க. இந்த பேனாவோட ஸ்டீல் மூடி கம்பெனில இருந்து வரும்போதே கொஞ்சம் மங்கலாதான் வரும் (51 ஸ்பெஷல்ங்குற மலிவான வகை மட்டும் விதிவிலக்கு, அதோட மூடி பளபளன்னுதான் வந்துச்சு), மத்ததுல அது கண்ணாடி மாதிரி மின்னுச்சுன்னா யாரோ பாலிஷ் மெஷின்ல போட்டு தேய்ச்சிருக்காங்கன்னு அர்த்தம், அப்போ மேல பொறிச்சிருக்குற பார்க்கர்ங்குற எழுத்தையும் பாருங்க, பாதி அழிஞ்சிருக்கும்.

என் காசு போறது நிப்புக்குதான், அதனால நான் அங்கதான் ரொம்ப நேரம் பாப்பேன். 51ல நிப்பு முழுசும் கூட்டுக்குள்ள மறைஞ்சிருக்கும், மூக்கு நுனி மட்டும்தான் வெளிய தெரியும். அந்த நுனில தங்கம் கிடையாது, தேயாத வேற ஒரு கடினமான உலோகத்துல சின்னதா ஒரு குண்டு வச்சிருப்பாங்க. 10 மடங்கு லென்ஸ் இருந்தா நல்லது, இல்லன்னா போன் கேமராவ ஜூம் பண்ணுங்க. குண்டு நடுவுல பிளந்து ரெண்டு பாதியும் ஒரே அளவா, ஒரே மட்டத்துல இருக்கணும். ஒரு பக்கம் சப்பையா இருந்தா பழைய ஓனர் பல வருஷம் ஒரே கோணத்துல சாய்ச்சு எழுதியிருக்காரு, அது உங்க கைக்கு சரிப்படுமான்னு எழுதிப் பாத்தாதான் தெரியும். பேப்பர்ல 8 போட்டுப் பாருங்க, ஒரு பக்கம் போகும்போது மட்டும் கீறுச்சுன்னா ரெண்டு பாதி ஏறி இறங்கியிருக்கு, அது சரி பண்ணிடலாம். குண்டே தேஞ்சு போயிருந்தா வேண்டாம், திரும்ப வைக்குற செலவு பேனா விலைக்கு கிட்ட வந்துடும்.

அடுத்து மை ஏத்துற விதம். 1948க்கு முன்னாடி வந்ததுன்னா பின்னாடி ஒரு குட்டி மூடி இருக்கும், அதை திருகி கழட்டினா அமுக்குற தண்டு இருக்கும். உள்ள இருக்குற ரப்பர் டயஃப்ரம் (தண்டோட சேர்ந்து ஏறி இறங்கி மையை இழுக்குற சவ்வு) சர்வீஸ் பண்ணலன்னா கண்டிப்பா மக்கிப் போயிருக்கும், தண்டு அமுக்கினா திரும்ப மேல வரணும், வரலன்னா ரிப்பேர் காச கழிச்சுட்டு விலை பேசுங்க. 48க்கு அப்புறம் வந்தது ஈஸி, பேரலை (கையில பிடிக்குற பின்பக்கக் குழாய்) கழட்டினா மெட்டல் உறைல பட்டையை ஆறு தடவை அமுக்குன்னு இங்கிலீஷ்லயே எழுதியிருக்கும் (சிலதுல நாலு தடவை). உள்ள இருக்குறது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக் பை, அதனாலதான் எழுபது வருஷம் ஆகியும் வேலை செய்யுது. டம்ளர்ல தண்ணி வாங்கி ஏத்திட்டு திரும்ப பீச்சிப் பாருங்க. ரெண்டு மூணு சொட்டோட நின்னுச்சுன்னா உள்ள காத்துக் குழாய் அடைச்சிருக்கு இல்ல ஒடைஞ்சிருக்கு. பை கருத்துப் போயிருந்தா பரவால்ல, விறைச்சுப் போயிருந்தாதான் பிரச்சனை. தண்ணி தர மாட்டேன்னு சொல்ற கடைல நான் வாங்கவே மாட்டேன்.

வெளிச்சத்துல பிடிச்சு மெதுவா சுத்திப் பாருங்க, நிப்பு மேல இருக்குற கூடோட நுனிலயும் பேரல் மரை பக்கமும்தான் விரிசல் ஒளிஞ்சிருக்கும். கூட்டுல பல்லுப் பல்லா தடம் இருந்தா எவனோ சூடு பண்ணாம பிளையர் போட்டு கழட்டியிருக்கான். உடம்பு முழுக்க மெல்லிசா சிலந்தி வலை மாதிரி கோடு ஓடுச்சுன்னா ஸ்பிரிட்ல கழுவியிருக்கலாம், அக்ரிலிக்குக்கு அது ஆகாது.

51ன்னு சொல்லி, அதே கம்பெனியோட மலிவான மாடலான பார்க்கர் 21ஐ தலைல கட்டுறதும் நடக்குது. தூரத்துல பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனா 21ல நிப்பு தங்கம் இல்ல, பிளாஸ்டிக்கும் மட்டம், கூடு சுலபமா விரிசல் விடும். அதுக்காக தங்க நிப்பு இல்லன்னாலே டூப்புன்னும் முடிவு பண்ணிடாதீங்க, 1950ல வந்த 51 ஸ்பெஷல்லயும் ஸ்டீல் வகை நிப்புதான், விலை மட்டும் கம்மியா இருக்கணும்.

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா நிப்பு நுனிய நேரா முன்னாடி இருந்து ஒரு போட்டோ, பேரல் கழட்டி ஒண்ணு, தண்ணி ஏத்துற வீடியோ ஒண்ணு கேளுங்க. பேரல்ல யார் பேராவது பொறிச்சிருந்தா அதை சொல்லியே விலைய குறைங்க, கலெக்டர்ஸ் அதைத் தொட மாட்டாங்க, எழுதுறதுக்கு வாங்குற நமக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல.