ஏர்கன்னில் புகையும் வெடிச்சத்தமும்: கேள்வி பதில்

ஸ்பிரிங் ஏர்கன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் பெரும்பாலும் புகையும் சத்தமும்தான். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, புது ஏர்கன். சுட்டதும் குழல் வாயில் புகை, கருகின எண்ணெய் வாசம். பழுதா?

பழுது இல்லை தம்பி. ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது. சிலிண்டரில் உள்ள காற்று ஒரு நொடிகூட ஆகாமல் நசுங்கி நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாகிறது. டிராக்டர் எஞ்சின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசலைப் பற்றவைப்பதும் இப்படித்தான். கம்பெனியில் பூசிய எண்ணெயின் மிச்சம் எரிகிறது, சுடச் சுட அடங்கிவிடும். ஒரு டப்பா பெல்லட் (ஏர்கன் குண்டு) தீர்ந்தும் நிற்கவில்லை, அல்லது வெடிச்சத்தமும் சேர்ந்து வருகிறது என்றால் ரிப்பேருக்குக் கொடுங்கள். நீங்களே பிரிக்காதீர்கள், அமுக்கி வைத்த ஸ்பிரிங் முகத்தில் பாயும்.

மேலூரிலிருந்து: கடலைக் காட்டில் மயில் தொல்லை. கூட்டாளி ஒருத்தர் பெல்லட்டில் எண்ணெய் வைத்துச் சுடுகிறார். வேட்டு மாதிரிச் சத்தம், வேகமும் கூடுதாம். நானும் செய்யலாமா?

வேண்டாம். முதலில் மயில் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. சுட்டால் ஜெயில்தான்.

இனி துப்பாக்கி. சாதாரணமாக, பிஸ்டன் முன்னால் வந்து முட்டும் முன் நசுங்கிய காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் எண்ணெய் வெடித்தால், பெல்லட் குழலை விட்டுப் போகும் முன்பே அழுத்தம் எகிறிப் பிஸ்டனைப் பின்னால் எறியும். திரும்பி வந்து மோதும்போது தாங்கிக்கொள்ள எதுவும் இருக்காது. ஸ்பிரிங் ஒடியும், பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷர் கருகும், ஸ்கோப் ஆட்டம் காணும். குழலை மடக்கி லோடு செய்யும் ரகம் என்றால் பூட்டு விட்டுக்கொடுத்துக் குழலே திறந்துகொள்ளவும் கூடும். சுடும்போது உங்கள் கன்னம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எரியும் அளவு ஒவ்வொரு தடவையும் வேறு, அதனால் ஒரு பெல்லட் மேலே போகும், அடுத்தது கீழே. குறியே தப்பினபின் வேகத்தை வைத்து என்ன செய்வது? சட்டமும் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல், 275 மீட்டரில் 20ஐத் தொட்டுவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து: ஈதர் விட்டுச் சுடும் துப்பாக்கியை ஒரு கம்பெனியே விற்றதாமே? அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி. ஜெர்மனியின் வைராவ் கம்பெனி 1950களில் பாரகுடா என்று ஒன்றை விற்றது. சட்டென்று தீப்பிடிக்கும் திரவமான ஈதரைச் சிலிண்டருக்குள் விட அதில் தனிக் கருவியே உண்டு. அமெரிக்காவில் டெய்சி கம்பெனி 1968இல் வி/எல் ரைபிளைக் கொண்டுவந்தது. குண்டின் பின்னால் ஒட்டிய மருந்தைச் சூடான காற்றே பற்றவைக்கும். இது ஏர்கன் இல்லை, நிஜத் துப்பாக்கி என்று அரசு சொன்னதும் 1969இல் நிறுத்திவிட்டார்கள். இவை எரிப்பதற்கென்றே வரைந்து செய்தவை. உங்கள் கையில் இருப்பது அப்படியில்லை.

எரிவதே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கார்டியூ என்ற அப்பாவும் மகனும் ஏர்கன்னை, எண்ணெய் எரியவே முடியாத நைட்ரஜனில் வைத்துச் சுட்டார்கள். வேகம் நன்றாகவே குறைந்தது. நல்ல துப்பாக்கியிலும் துளி எண்ணெய் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேல் நாம் ஊற்றுவதுதான் வம்பு.

தமுக்கத்திலிருந்து: சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை போடுறேன் சார். துப்பாக்கி கிறீச்சிடுது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

காற்றுத் துளையில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். ஸ்பிரிங்குக்கு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ். தோல் வாஷர் காய்ந்திருந்தால் சிலிகான் ஆயில் ஓரிரு சொட்டு, அதுவும் முந்தின ராத்திரியே விட்டுவிடுங்கள். காலையில் கடை திறக்கும் முன் வெறும் அட்டையில் சில தடவை சுட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: பிசிபி துப்பாக்கிக்கு (ஸ்பிரிங் இல்லாமல், முன்பே அடைத்து வைத்த காற்றில் சுடும் ரகம்) வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜனை அடைக்கலாமா?

கூடவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தால், சீலில் ஒட்டிய துளி கிரீஸே பற்றிக்கொள்ளும், கையிலேயே வெடிக்கும். உலர்ந்த காற்று மட்டும்தான். கைப்பம்பு இருக்கவே இருக்கிறது.