காவலுக்குப் பெரிய நாய்: கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இருக்கிறது என் வீடு. இருபது வருடமாகப் பெரிய நாய்கள்தான். ராட்வைலர் மூன்று, ராஜபாளையம் இரண்டு வளர்த்தாயிற்று. நான் மருத்துவன் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு. மற்றதை என்னிடம் கேளுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் ஆறு வயது மகளும்தான். ஊருக்கு வெளியே வீடு. ராட்வைலர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

முதலில் ஒன்று சொல்லுங்கள் தங்கச்சி, சங்கிலியை யார் பிடிப்பது? ஆண் ராட்வைலர் ஐம்பது கிலோவைத் தாண்டும். ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊர்ப் பக்கம் மாடு ஓட்டவும் கறிக்கடை வண்டி இழுக்கவும் வளர்த்த இனம் அது. விளையாட்டாக வந்து மோதினாலே உங்கள் மகள் விழுந்துவிடுவாள். தினமும் ஒரு மணி நேரம் கூட்டிப்போய்ப் பழக்க உங்களால் முடியும் என்றால் வாங்குங்கள், பெண் குட்டியாகப் பாருங்கள். முடியாதென்றால் நன்றாகக் குரைக்கும் நாட்டு நாய் ஒன்றும் வாசலில் ஒரு விளக்கும் போதும். பெரும்பாலான திருடர்களுக்குக் குரைப்பே அதிகம்.

நம் பக்கத்தில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. காவல் நாய் என்றதும், யாரையும் பார்க்கவிடாமல் கொல்லையில் கட்டிப்போட்டு வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்தால்தான் மூர்க்கம் வருமாம். வருவது பயம். பயந்த நாய்க்குத் திருடனும் சிலிண்டர் போடுகிறவரும் ஒன்றுதான். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு நடமாடவே விடாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

குட்டிக்கு மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை உள்ள காலம்தான் பொன்னான காலம். மீன்காரம்மா, ஹெல்மெட் போட்டவர், கைலி கட்டியவர், பர்தா போட்டவர், ஊன்றுகோல் பிடித்த தாத்தா எல்லாரையும் அது அப்போதே பார்த்துவிட வேண்டும். தடுப்பூசி முடியும்வரை மண்ணில் இறக்காமல் தூக்கிக்கொண்டே காட்டுங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காவல் புத்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு, அதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மகள் கிட்டே போகக் கூடாது. எவ்வளவு தங்கமான நாயாக இருந்தாலும் அவளையும் அதையும் தனியே விடாதீர்கள்.

அப்புறம், வீட்டுக்காரர் விடுமுறையில் வரும்போது நாய்க்கு அவர் அந்நியர். என் மச்சான் இரண்டு வருடம் கழித்து நடுராத்திரியில் வந்து இறங்கினான். விடியும்வரை காம்பவுண்டுச் சுவர் மேலேயே உட்கார வைத்துவிட்டது என் நாய். இன்றுவரை அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முதல் சந்திப்பை வாசலுக்கு வெளியே வைத்து, கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்துவிட்டு உள்ளே வாருங்கள்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: என் நாயைக் கரைக்குக் கூட்டிப்போனால் கிடப்பதையெல்லாம் தின்கிறான். எட்டு மாதம் ஆகிறது.

பேத்தை மீன் கிடக்கும் தம்பி, விளையாட்டில்லை. வலையில் சிக்கியதைக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். அதன் ஈரல், சினை, தோலில் இருக்கும் விஷம் வேகவைத்தாலும் காய்ந்தாலும் போகாது. கால் துவண்டு கடைசியில் மூச்சே நின்றுவிடும். மாற்று மருந்தும் கிடையாது. ‘விடு’ என்றால் வாயில் இருப்பதைக் கீழே போடப் பழக்குங்கள். பழகும்வரை வாய்க்கூடு போட்டே கூட்டிப்போங்கள். கெளிறு முள்ளும் தொண்டையில் குத்தும். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடும் மாதங்களில் நாயை அவிழ்த்து விடவே வேண்டாம், முட்டைக் குழியைத் தோண்டிவிடும்.

சாயல்குடியிலிருந்து: ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருக்கிறோம். சித்திரையில் மூச்சு வாங்குகிறது. முடியை மழித்துவிடலாமா?

வேண்டாம். அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. வாரிவிட்டால் போதும். கொட்டகைக்குச் சிமெண்டு ஷீட் போட்டிருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும். பனையோலைக் கூரை, கீழே தண்ணீர் தெளித்த மணல், பக்கத்தில் ஒரு வேம்பு இருந்தால் அதற்கு அரண்மனைதான். ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

குடிதண்ணீரைக் குடம் விலைக்கு வாங்கும் ஊர்தான் நம்முடையது. ஆனாலும் நாய்க்கு உப்புப் போர்த் தண்ணீரை வைக்காதீர்கள். பெரிய நாய் வெயில் காலத்தில் மூன்று லிட்டருக்கு மேல் குடிக்கும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் நாய் வாங்க வேண்டும்.

ராமேசுவரத்திலிருந்து: திபெத்திய மாஸ்டிஃப் குட்டி வந்திருக்கிறது...

இமயமலைக் குளிருக்குப் பிறந்தது. வேண்டாம்.

தொண்டியிலிருந்து: குட்டி சீக்கிரம் பெருக்கக் கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

சீக்கிரம் பெருக்கவே கூடாது. பெரிய இனத்துக்கு எலும்பு முற்ற ஒன்றரை வருடம் ஆகும். கூடுதல் கால்சியம் காலை வளைத்துவிடும். கருவாட்டுத் தலையும் வேண்டாம், அத்தனையும் உப்பு. வளர்ந்த பிறகு தீனி போட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் இருக்காது.

பரமக்குடியிலிருந்து: ராட்வைலரை அரசே தடை செய்துவிட்டதாமே?

2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ராட்வைலரும் அதில் உண்டு. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் நகராட்சியில் உரிமம் பற்றி இப்போதைய நிலவரத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இனமானாலும் சரி, உங்கள் அலட்சியத்தால் அடுத்தவருக்குக் காயமாகும் நிலை வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். ஊசி போட்ட நாயே கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அவரே: குட்டி விற்கிறவர் 35 நாள் குட்டி தருகிறேன் என்கிறார். கிடைக்கும்போதே வாங்கிவிடவா?

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாதென்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 அரசு விதிகள் சொல்கின்றன. காத்திருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்களைப் பார்த்து மூலையில் ஒண்டினாலோ பாய்ந்தாலோ பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்.