பழைய மின்சாரச் சமையலறைக் கருவிகளில் கண்ணாடிப் பாகம் உள்ளவற்றைச் சேகரிக்க ஆசை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கண்ணாடியைப் பாருங்கள், மோட்டாரைக் கடைசியில். அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் பழைய சாமான் விற்கும் வீடு வீடாகப் பல ஆண்டுகளாக அலைகிறேன். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தவன் நான். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றலாம், வயரை மாற்றலாம். ஜாரின் மரையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் வேறு ஜார் தேட வேண்டியதுதான்.

சில்லு எல்லா நேரமும் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. நகத்தை விளிம்பில் ஓட்டுங்கள், தட்டுப்படும். கண்ணாடி மங்கலாக இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். உப்புத் தண்ணீரின் படிவம் என்றால் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுப் போட்டு அரித்துப்போனது என்றால் எதற்கும் அசையாது. விற்பவரிடம் கேட்டு, ஒரு மூலையில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ஆஸ்டரைஸர் என்ற பிளெண்டர், அதாவது நம் மிக்ஸி போன்றது, நல்லது. ஜாம், ஊறுகாய் போட்டு வைக்கும் மேசன் ஜாடி என்ற மரை வைத்த கண்ணாடி ஜாடியில், அகல வாய் இல்லாத சாதாரண வாய் ரகம் அதன் பிளேடு வளையத்தில் அப்படியே பொருந்தும். அதனால் ஜார் உடைந்த இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். அம்மா வந்திருந்தபோது தேங்காய்ச் சட்னியை அதில்தான் அரைத்துக் கொடுத்தேன். "மூடியைத் திறக்காமலே பதம் தெரிகிறதே" என்றார். அந்த ஒரு பாராட்டோடு சரி. மற்றபடி "வீட்டில் வேறு மிக்ஸி இல்லையா?"

வேரிங் பிளெண்டரின் ஜார் உள்ளே நான்கு மடிப்பாக இருக்கும், அரைபடுவதைப் பிளேடு பக்கம் திருப்பிவிட. இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங்கின் பெயரில் 1930களின் பிற்பகுதியில் வந்தது. 1952இல் ஹெர்ஷி, சேஸ் என்ற விஞ்ஞானிகள் டிஎன்ஏதான் மரபுப் பொருள் என்று காட்டிய சோதனையில், பாக்டீரியாவிலிருந்து வைரஸ் கூடுகளை உதிர்க்கச் சுழன்றது இந்த பிளெண்டர்தான்.

என் மனம் போவது 'கோரி' என்ற பிராண்டின் காப்பிக் குடுவை மேல். கீழே உருண்டைக் குடுவை, மேலே குழாய் வைத்த புனல், அடியில் குட்டி மின்சார அடுப்பு. நீர் கொதிக்கும்போது ஆவி அதைக் குழாய் வழியே மேலே தள்ளும். அடுப்பை அணைத்ததும் கீழே ஆவி குளிர்ந்து, காப்பியைக் கீழே இழுத்துக்கொள்ளும். தூளை மேலேயே நிறுத்துவது ஒரு கண்ணாடிக் குச்சி. துணி கிடையாது, சல்லடை கிடையாது. புனலின் துவாரத்தில் உட்காரும் சொரசொரப்பான அந்தக் குச்சியைச் சுற்றிக் காப்பி மட்டும் கசிந்து இறங்கும். நம் டிகாக்‌ஷன் அளவுக்குக் கெட்டியாக வராது, பாலோடு சேர்த்தால் சப்பென்றிருக்கும். வெறும் காப்பியாகக் குடிக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு ஒன்றே ஒன்று: வாங்கி வந்ததும் பிளக்கில் செருகாதீர்கள். துணி சுற்றிய பழைய வயரின் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக இருக்கும். சூடேறும் கருவிகளின் வயரில் நுரையீரலுக்கு ஆகாத கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு, பிரித்துப் பார்க்காமல் முழுதாக மாற்றச் சொல்லுங்கள். ஊருக்குக் கொண்டுபோனால் 230 வோல்ட்டில் நேராகப் போடக் கூடாது, வாட் கணக்குக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கோரியில் குச்சிதான் முதலில் தொலையும் என்பதால், பயந்து கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தேன். போன மாதம் புனலைக் கழுவும்போது அதன் குழாய் தொட்டியின் விளிம்பில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். இப்போது என்னிடம் இரண்டு குச்சிகள் இருக்கின்றன, புனல் இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.