கல்லூரி வளாகத்தில் குப்பை பிரித்தல்: கேள்வி பதில்

கே: மக்கும் குப்பைக்குப் பச்சை, உலர் குப்பைக்கு நீலம் என்று தொட்டிகள் வைத்தும் எல்லாம் கலந்தே விழுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியர்)

தணிக்கையிலிருந்து. ஒரு வேலைநாளின் குப்பையைத் தொட்டிவாரியாகத் தார்ப்பாயில் கொட்டுங்கள். உணவு, தாள், பாட்டில், கப், பாக்கெட் என்று மாணவர்களே பிரித்து எடை போடட்டும். தடித்த ரப்பர் கையுறை, இடுக்கி, ஷூ கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, நாப்கின் கிடந்தால் இடுக்கியால் மட்டும் எடுக்க வேண்டும். எந்தத் தொட்டியில் எவ்வளவு கலப்பு என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். அடுத்தது தொட்டியின் இடம். நீலம் தனியாக நின்றால் மிச்சச் சாம்பாரும் அதில்தான் விழும். இரண்டையும் ஒட்டியே வையுங்கள். வகுப்பறைக்குள் தாளுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி போதும். ஈரம் பட்ட தாளைக் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள், அதை மறக்காதீர்கள்.

கே: டீ குடித்த பேப்பர் கப் தாளோடு போகுமா?

போகாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, உரக்குழியிலும் முழுதாக மக்காது. மிச்ச டீயைக் கொட்டிவிட்டு நீலத்தில் போடுங்கள். அந்த வகைக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. கேண்டீனில் எவர்சில்வர் டம்ளர் கேளுங்கள்.

கே: உரக்குழி நாறுகிறது.

காய்ந்த இலை போதவில்லை. ஒரு வாளி உணவுக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி சருகு போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக் கூடாது.

கே: சிப்ஸ் பாக்கெட்?

நீலம். காயலான் கடையில் விலை கிடைக்காது, தனிச் சாக்கில் சேருங்கள்.

கே: தாமதமாக வருபவர்களைத் தண்டனையாகக் குப்பை பிரிக்க விடலாமா?

கூடவே கூடாது. தூய்மைப் பணியாளர் தினமும் செய்யும் வேலையை அவமானமாக்கி மாணவருக்குக் காட்டுகிறீர்கள்.

கே: தண்டனை இல்லாமல் யார் வருவார்கள்? அதற்குத்தான் பணியாளர்கள் சம்பளம் வாங்குகிறார்களே!

அவர்கள் சம்பளம் வாங்குவது எடுத்துச் செல்ல. பிரித்துக் கொடுக்கும் கடமையை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை போடுபவர் மேல்தான் வைத்தன. நீங்கள் கலந்து போட்டதை இன்னொருவர் வெறுங்கையால் கிளற வேண்டும் என்பது எந்த நியாயம்? சுழற்சி முறையில் எல்லாத் துறைகளுக்கும் முறை போடுங்கள், ஆசிரியர்களுக்கும் சேர்த்தே.

கே: ஆசிரியர்களுமா?

ஆம். ஸ்டாஃப் ரூமிலும் பேப்பர் கப் விழுகிறது.

கே: பழைய பேட்டரி, சார்ஜர்?

அது என் துறையல்ல. இரண்டு தொட்டியிலும் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

கே: டீ கப் எதில் போடுவது?

மேலே இருக்கிறது, படியுங்கள்.

கே: பால் கவர், பார்சல் டப்பா?

அலசிக் காயவைத்து நீலத்தில். ஈரத்தோடு போட்டால் பக்கத்திலிருக்கும் தாளும் வீண்.